கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு திமிங்கலம்

06.01.2025 – திங்கள், இரவு 1.20

டொக்டர், இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பகலில்தான் எழுத நினைத்தேன். பகல் எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைக்கு முட்டு வந்து மூச்சு இழுக்கிற ஒவ்வொரு தரமும் திகதி, நேரம், எத்தனை நிமிடம் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

நுஹா. வயது மூன்று. இருமல் தொடங்கியது 11.50. நெஞ்சு இழுக்கத் தொடங்கியது 12.10. மெசினைப் போட்டது 12.20. மருந்து முழுதாக உள்ளே போனதா? இல்லை. ஏன் இல்லை என்று எழுத நீங்கள் சொல்லித் தந்த முறையில் இடமில்லை. அதனால் கீழே எழுதுகிறேன்.

அந்த மெசினை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்தானே. மருந்தை ஆவியாக்கித் தருகிற சாம்பல் நிறப் பெட்டி. ஆளியை அழுத்தினால் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டர் போல உறுமுகிறது. மேசையில் வைத்தால் மேசையும் சேர்ந்து ஆடுகிறது. மாஸ்க் ஒரே விறைப்பு, ஓரம் கன்னத்தை வெட்டுகிறது. மூச்சு எடுக்க முடியாமல் பயந்து போயிருக்கிற பிள்ளையின் முகத்தை மூடி, காதுக்குப் பக்கத்தில் ஒரு மோட்டரை ஓட விடலாம் என்று யோசித்த ஆள் யார்? அந்த ஆள் ஒருநாளாவது ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்திருந்திருக்கிறாரா?

சத்தம் கேட்டதும் நுஹா கட்டிலுக்குக் கீழே போய்விட்டாள். இழுத்து எடுத்தோம். தங்கச்சி றுஸ்னா காலைப் பிடித்தாள், நான் கையைப் பிடித்தேன், உம்மா மாஸ்க்கை முகத்தில் வைத்து அமத்தினா. மூன்று பொம்பளைகள் சேர்ந்து ஒரு பிள்ளையை மூச்சு விட வைக்கிறோம், கள்ளனைப் பிடிக்கிற மாதிரி. அழுதால் மருந்து நெஞ்சுக்குள் போகாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அழாமல் எப்படி டொக்டர்?

12.50க்கு நித்திரையானாள். மூச்சு இப்போது சீர்.

08.01 – புதன்

முட்டு இல்லை. கன்னத்தில் மாஸ்க் வெட்டிய சிவப்புக் கோடு மட்டும் இன்னும் இருக்கிறது.

11.01 – சனி, பின்னேரம்

டோஹாவிலிருந்து நுஹாவின் வாப்பா அனுப்பிய பெட்டி வந்தது. இவரோடு வேலை செய்கிற நிந்தவூர் ஆள் லீவில் வந்தவர், வாசலில் தந்துவிட்டுப் போனார்.

திறந்தால் ஒரு திமிங்கலம். சின்னத் தலையணை அளவு. நீல முதுகு, வெள்ளை வயிறு. இதுவும் அதே மெசின்தான். அதே மருந்து, அதே குழாய், அதே வேலை. ஆனால்... எப்படி எழுதுவது?

வயரைச் சுற்றி வாலுக்குள் ஒளித்து வைக்கலாம். ஆளி செட்டைக்குக் கீழே இருக்கிறது. குழாயைத் தலை உச்சியில் செருக வேண்டும், திமிங்கலம் தண்ணீர் பீச்சுகிற அதே இடத்தில். வயிற்றுக்கு அடியில் நாலு ரப்பர் பாதம், அதனால் மேசை ஆடவில்லை. சத்தம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் மடியில் படுத்த பூனையின் சத்தம். மாஸ்க்கின் ஓரம் காதுமடல் மாதிரி மெத்தென்று இருக்கிறது.

பிறகு அந்தக் கண். அதைத்தான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைப் பொம்மைகளின் உருட்டி விழிக்கிற கண் இல்லை. பாதி மூடிய கண், கொஞ்சம் கீழே பார்க்கிறது. பிள்ளையை நேரே பார்க்கவில்லை. பயந்திருக்கிற ஆளை முறைத்துப் பார்க்கக்கூடாது என்று உலகத்தில் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

நுஹா கதவடியில் நின்று பார்த்தாள். கிட்ட வந்தாள். ஓடிக்கொண்டிருந்த மெசினின் முதுகில் கையை வைத்தாள்.

"உம்மா, மீனுக்கும் முட்டா?"

"ஓம் மகள்."

"அப்ப நானும் அதோட மூச்சு விடுறன்."

மாஸ்க்கைத் தானே எடுத்து வைத்தாள். பன்னிரண்டு நிமிடம். யாரும் காலைப் பிடிக்கவில்லை. கையைப் பிடிக்கவில்லை.

குசினிக்குள் போய் அழுதேன். அழுது முடிய சந்தோசம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒலுவில் கெம்பஸில் நாலு வருடம் முகாமைத்துவம் படித்தேன். உற்பத்திப் பொருள் என்றால் என்ன என்ற கேள்விக்கு, நுகர்வோரின் தேவையை நிறைவு செய்யும் எதுவும் என்று எழுதி 74 புள்ளி வாங்கினேன். நுகர்வோர்! நுகர்வோர் கட்டிலுக்குக் கீழே ஒளிந்துகொண்டு வாப்பாவைக் கூப்பிட்டு அழும் என்று எந்த விரிவுரையாளரும் சொல்லவில்லை. அந்தச் சாம்பல் பெட்டியும் தேவையை நிறைவு செய்கிற பொருள்தான். பரீட்சையில் அதற்கும் 74 போடுவார்கள்.

டொக்டர், இது உங்களுக்குத் தேவையில்லாத பக்கம். தெரியும்.

13.01 – திங்கள்

காலையில் பார்த்தால் மேசையில் திமிங்கலம் இல்லை. ஹோலில் உள்ள கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது. மக்காவிலிருந்து வந்த மணிக்கூட்டுக்கும், ஸ்டிக்கர் கழற்றாத ஜப்பான் கோப்பை செட்டுக்கும் நடுவில். குழாயும் மாஸ்க்கும் வடிவில்லை என்று உம்மா கழற்றிக் குசினி மேசை லாச்சிக்குள் போட்டிருக்கிறா. சாவி உம்மாவின் இடுப்பில்.

இது எங்கள் ஊர் முழுக்க இருக்கிற வருத்தம், மருந்தில்லாத நோய். வெளிநாட்டிலிருந்து வருகிற நல்ல சாமான் எதுவும் பாவிக்க வந்ததில்லை, பார்க்க வந்தது. கோப்பை தேநீரைக் கண்டதில்லை. என் கலியாணத்துக்கு வந்த பிளாஸ்க் இன்னும் பொலித்தீனுக்குள். எனக்கு ஐந்து வயதில் உம்மாவின் தம்பி ரியாதிலிருந்து கொண்டுவந்த பொம்மையை நான் ஒருநாளும் தொட்டதில்லை. கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்திருக்கிறேன். இன்று நுஹா அதே இடத்தில் மூக்கை வைத்து நின்றாள்.

கேட்டேன். "சும்மா வெளியில கிடந்தா பழுதாப் போகும். தேவப்படக்குள்ள எடுத்துத் தருவன்தானே," என்கிறா உம்மா. நடு இரவில் இவவை எழுப்பி, சாவி வாங்கி, குழாய் தேடி... பிள்ளை அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்குமா?

இது என் பேரில் எழுதின வீடு. சீதனமாக எனக்குத் தந்த வீடு. பக்கத்து வளவில் றுஸ்னாவுக்குக் கட்டுகிற வீட்டுக்கு ஓடு போடும் வரைக்கும்தான் உம்மாவும் வாப்பாவும் அவளும் என்னோடு. ஆனாலும் இந்த வீட்டில் ஒரு அலுமாரிச் சாவி என்னிடம் இல்லை.

17.01 – வெள்ளி

ஜும்ஆ முடிந்து தரகர் காலிதீன் காக்கா வந்தார். மருதமுனையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை றுஸ்னாவைப் பார்க்க வருகிறார்களாம். மாப்பிள்ளை றஸ்மி, பாடசாலை ஆசிரியர். எல்லாம் சரி வந்தால் நோன்புக்கு முன்னமே நிக்காஹ்.

றுஸ்னா என் போனில் வந்த அவரின் போட்டோவைப் பார்த்துவிட்டு, மூக்கு கொஞ்சம் பெரிசு என்றாள். பிறகு நான் போனைத் திருப்பிக் கேட்டபோது தரவில்லை.

காலிதீன் காக்கா போனதும் உம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டா. "முட்டு எண்டு ஒரு சொல் அண்டைக்கி இந்த வீட்டில வரப்படா. பரம்பரை வருத்தம் எண்டு நினைப்பாங்க."

வாயில் அடிக்கிற பம்ப், மருந்துப் போத்தல், சாம்பல் மெசின் எல்லாம் சாக்குக்குள் போய்விட்டது. திமிங்கலம் இருந்த இடத்தில் இருக்கலாமாம். குழாய் இல்லாமல் பார்த்தால் அது விளையாட்டுச் சாமான் மாதிரித்தானே என்கிறா. நுஹாவைப் பக்கத்து வீட்டில் விட வேண்டுமாம். இருமினால்?

என் பிள்ளையின் இருமலைச் சாக்குக்குள் கட்ட முடியாதுதான். இல்லாவிட்டால் அதையும் கட்டியிருப்பா.

நான் என்ன சொன்னேன்? ஓம் என்று சொன்னேன். றுஸ்னாவுக்கு இருபத்தாறு வயது. இது மூன்றாவது இடம்.

19.01 – ஞாயிறு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு

வந்தார்கள். ஆண்கள் முன் விறாந்தையில், நாங்கள் ஹோலில். மாப்பிள்ளையின் உம்மா ஜெமீலா மாமி, அவவின் மூத்த மகள் ஸில்மியா, ஸில்மியாவின் நாலு வயது மகன் ஸாஜித். மாமி நல்ல மனிசி மாதிரித்தான் இருந்தா. வட்டிலப்பத்தை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினா. றுஸ்னாவைப் பக்கத்தில் இருத்திக் கையைப் பிடித்துக்கொண்டா.

ஸாஜித் அலுமாரியடியில் போய் நின்றான். கண்ணாடியில் மூக்கு. பிறகு தாயின் அபாயாவை இழுத்தான். பிறகு அழுதான். அழுகை பெரிதாகியது. ஸில்மியா எவ்வளவோ சமாளித்தாள்.

உம்மா எழும்பினா. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தா. எனக்கு அந்த நேரமே விளங்கிவிட்டது. கையில் ஷர்பத் தட்டோடு நின்றேன்.

ஜெமீலா மாமி எழும்பி, "வேணாம், வேணாம், என்னத்துக்கு! புள்ள அழுதா எல்லாத்தையும் குடுக்கிறதா?" என்றா.

"மருமகன்ட மருமகன் கேட்டு நாங்க இல்ல எண்டு சொல்றதா?" என்றா உம்மா. எல்லாரும் சிரித்தார்கள். என் உம்மாவுக்கு அவ்வளவு வடிவாகக் கதைக்க வருமென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திமிங்கலம் ஸாஜிதின் கையில் போனது. அவன் அதைக் கட்டிப்பிடித்தான். ஸில்மியா அதன் அடியைத் திருப்பிப் பார்த்து, வயரும் இருக்குதே, லைட் எரியுமா என்று கேட்டாள்.

"எரியும் போல," என்றா உம்மா.

றுஸ்னா தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். ஒருதரம் மட்டும் என்னைப் பார்த்தாள்.

அதே நாள், 11.40

நான் வாயைத் திறக்கவில்லை. உம்மாவைத் திட்டி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப்போட்டேன். தட்டோடு நின்றது யார்? நான்.

20.01 – திங்கள்

"மீன் எங்க உம்மா?"

கடலுக்குப் போய்விட்டது என்றேன். எப்போது வரும் என்றாள். பின்னேரம் முழுக்கக் கடற்கரைப் பக்கத்து யன்னலில் நின்றாள்.

23.01 – வியாழன், ஆஸ்பத்திரி, வாட்டிலிருந்து

நேற்று முழுநாள் மழை. இரவு 9.30 இருமல். 9.45 இழுப்பு, விலா எலும்புகள் தெரியத் தெரிய. சாக்கை அவிழ்த்து சாம்பல் மெசினை எடுத்தோம். ஆளியைப் போட்டதும் அவள் போட்ட சத்தம்... இரண்டு வாரமாக அந்தச் சத்தத்தை மறந்திருந்தாள். மறந்த பயம் திரும்பி வருகிறபோது இரண்டு மடங்கு. றுஸ்னாவின் கையைக் கடித்துவிட்டாள், இரத்தம். மருந்தில் பாதி தலையணையில்.

10.20க்கு உதடு நீலம்.

வாப்பா மழைக்குள் ஓடிப்போய் ஓட்டோ பிடித்து வந்தார். அரைவாசி வழியில் நுஹா அழுவதை நிறுத்திவிட்டாள். பிள்ளை அழுவதை நிறுத்தினால் தாய்க்குச் சந்தோசமாக இருக்க வேண்டும் அல்லவா? யா அல்லாஹ், அழு, அழு என்று அவளின் கன்னத்தில் தட்டிக்கொண்டே போனேன்.

இப்போது பரவாயில்லை. ஒட்சிசன் போகிறது. இங்கே உள்ள மாஸ்க்கும் விறைப்புத்தான். ஆனால் விடியப்புறம் வந்த நர்ஸ் ஒருவர் பிளாஸ்டரில் இரண்டு துண்டு வெட்டி, பேனையால் இரண்டு கண் கீறி, அதில் ஒட்டிவிட்டார். "ஆ, இப்ப இவர் உங்கட பூனை," என்றார். நுஹா அந்தக் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். மாஸ்க்கைத் தள்ளவில்லை. அந்த நர்ஸுக்கு முப்பது பிள்ளைகள் உள்ள வாட். ஒரு நிமிட வேலை. ஒரேயொரு நிமிடம். அந்தச் சாம்பல் பெட்டியைச் செய்த தொழிற்சாலை முழுவதிலும் ஒரு நிமிடம் ஓய்வாக இருந்த ஒரு ஆள் இல்லையா?

உம்மா கஞ்சியோடு வந்தா. பிள்ளையைப் பார்த்து அழுதா. அழுதுகொண்டே காதுக்குள் சொல்றா: "நிக்காஹ் முடியட்டும். பொறகு நான் எப்பிடியாவது அதக் கேட்டு எடுத்துத் தருவன்."

"அதுக்குள்ள இவளுக்கு ஒண்டு நடந்தா?"

"நடக்காது. அல்லாஹ் இரிக்கான். நீ வாயத் தொறக்காம இரு. உனக்கு வீடும் மாப்பிளயும் குடுத்தாச்சி. அவளுக்கு இனித்தான்."

பக்கத்துக் கட்டில்காரி கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன வருத்தம் பிள்ளைக்கு என்று அவள் கேட்க, என் உம்மா சொன்ன பதில்: "சளி."

24.01 – வெள்ளி, வீடு

டொக்டர் இந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கினார். இரண்டு பக்கம் வாசித்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நேரத்தையும் மருந்தின் அளவையும் மட்டும் எழுதினால் போதும் என்றார். சிரிக்கவில்லை, பாவம்.

அவருக்கு வேறு கொப்பி வாங்கியாகிவிட்டது. இனி இது எனக்கு.

இவருக்குப் போனில் கோல் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு, பொறுங்க, மார்ச்சில் ஒரு ஆள் ஊருக்கு வருகிறார், இன்னொன்று வாங்கி அனுப்புகிறேன் என்றார். மார்ச்! முட்டுக்குக் கலண்டர் தெரியுமா?

படுத்துக்கொண்டு யோசித்தேன். பிழை அந்தத் திமிங்கலத்திலும் இருக்கிறதா? அவ்வளவு வடிவாகச் செய்ததால்தானே அது மருந்து என்று யாருக்கும் தெரியவில்லை. சாம்பல் பெட்டியை எந்தப் பிள்ளையும் கேட்டு அழாது. எந்த உம்மாவும் தூக்கிக் கொடுக்கமாட்டா.

இல்லை. அந்தக் கண்ணைக் கீறிய ஆள் ஒரு பிள்ளையின் பயத்தை மறைக்கத்தான் கீறினார். வருத்தத்தை மறைக்கக் கீறவில்லை. மறைத்தது நாங்கள். குழாயைக் கழற்றினது நாங்கள்.

26.01 – ஞாயிறு

றுஸ்னாவிடம் சொல்லிவிட்டேன், நாளைக்கு மருதமுனைக்குப் போய்த் திருப்பிக் கேட்கப் போகிறேன் என்று. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கிழம பொறுக்க ஏலாதா ராத்தா?"

ஏலாது என்றேன். எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். சத்தமாகச் சாத்தவில்லை. சத்தமாகச் சாத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவள் அந்த மூக்குக்காரனோடு கதைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். போன் வெளிச்சம் கதவுக்குக் கீழால் தெரிகிறது. நான் யார் அதை அணைக்க?

27.01 – திங்கள்

எழுத வேண்டும், மறக்க முன்னம்.

வெளிக்கிட்டு நிற்கிறபோது றுஸ்னா ஒரு ஷொப்பிங் பேக்கைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். உள்ளே குழாய், மாஸ்க், மருந்து. கடிபட்ட கையில் பிளாஸ்டர். "இது இல்லாம அங்க போய் என்னத்தச் செய்யப் போறீங்க?" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. உம்மா லுஹர் தொழுதுகொண்டிருந்தா. தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்க முன்னம் நானும் நுஹாவும் ஓட்டோவில் ஏறிவிட்டோம்.

ஜெமீலா மாமி வீட்டு ஹோலில் முதல் கண்ணில் பட்டது கண்ணாடி அலுமாரி. அதற்குள் திமிங்கலம். மக்கா மணிக்கூடு அங்கேயும் இருக்கிறது. ஸாஜித் அலுமாரிக்குக் கீழே நிலத்தில் படுத்துக் காலை அடித்துக்கொண்டு கிடந்தான். அவனுக்கும் அதைத் தொட விடவில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தியமாக. சிரித்திருந்தால் அழுதிருப்பேன்.

மாமி தேநீர் போடச் சொன்னா. நான் இருக்காமல் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"மாமி, உம்மா அண்டைக்கித் தந்த அந்தச் சாமானத் திருப்பி எடுக்க வந்தன்."

மாமிக்கு முகம் மாறியது. "குடுத்தத் திருப்பிக் கேக்கிறயா மகள்? நாங்க வேணாம் எண்டுதானே சொன்னோம். உங்கட உம்மாதான் தந்தா."

"அது விளையாட்டுச் சாமான் இல்ல மாமி. இவளுக்கு முட்டு. இது இவள்ற மருந்து மெசின்."

சொல்லிவிட்டேன். கூரை விழவில்லை. காற்றாடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

எப்போதிருந்து என்றா. ஒன்றரை வயதிலிருந்து என்றேன். குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா என்றா. வாப்பாவின் தங்கச்சிக்கு இருந்தது என்றேன். கேட்காததையும் சொன்னேன். இனி என்ன?

நுஹா இதற்குள் அலுமாரியில் ஒட்டிக்கொண்டு, "மீன், மீன், நான் வந்திட்டன்," என்று கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தாள். கடலுக்குப் போனது இங்கே இருக்கிறது என்று அவளுக்கு ஆச்சரியமும் இல்லை. மாமி சாவியைத் தேடி எடுத்துத் திறந்தா. இவளுக்கு மருந்து போடுகிற நேரமும் அதுதான். அங்கேயே, அந்த ஹோலிலேயே, குழாயைச் செருகி, மருந்தை ஊற்றி, ஆளியைப் போட்டேன். நுஹா மாஸ்க்கை வைத்துக்கொண்டு திமிங்கலத்தின் மேல் சாய்ந்தாள். வெள்ளை ஆவி இரண்டு கன்னத்தாலும் கிளம்பியது.

ஸாஜித் அழுகையை விட்டுவிட்டு எழும்பி வந்தான். பக்கத்தில் குந்தி, அதன் முதுகில் கையை வைத்தான். இரண்டு பேரும் பன்னிரண்டு நிமிடம் அப்படியே. ஸில்மியா குசினிக் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் தேநீர்க் கோப்பை. ஆறி ஆடை படியும் வரை கொண்டுவந்து தரவில்லை.

மாமி எல்லாவற்றையும் தானே பையில் போட்டுத் தந்தா. "அல்லாஹ் சுகத்தக் குடுப்பான் மகள்," என்றா. வாசல்வரை வந்தா. அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையில் எனக்கு விளங்கிவிட்டது.

28.01 – செவ்வாய்

உம்மா என்னோடு கதைக்கவில்லை. வாப்பா மட்டும் விடிய வந்து, பிள்ளை நித்திரை கொண்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

02.02 – ஞாயிறு

காலிதீன் காக்கா வந்தார். குடையை மடிக்காமலே நின்று சொன்னார்: "நோன்புக்குப் பொறகு பாப்பம் எண்டு சொல்றாங்க."

உம்மா குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு அழுதா. தண்ணீர்ச் சத்தத்துக்குள் என் பெயரும் கேட்டது.

றுஸ்னாவின் கதவடியில் போய் நின்றேன். என்னத்தைச் சொல்வது? மன்னிச்சிக்க என்பதா? நான் பிழை செய்தேனா? பிழை செய்யவில்லை. அப்படியென்றால் ஏன் கதவைத் தட்டாமல் நிற்கிறேன்? நோன்புக்குப் பொறகு! கேட்கக் கேட்கக் கொதிக்குது. சரி எண்டா சரி, இல்ல எண்டா இல்ல. ஒரு மூணு வயசுப் புள்ளட நெஞ்சப் பாத்து ஒரு குமர்ட வாழ்க்கய நிப்பாட்டுறாங்க. அதயும் நேர சொல்லத் துணிவில்லை.

06.02 – வியாழன்

திமிங்கலம் இப்போது சாப்பாட்டு மேசையில். எப்போதும் குழாயோடு. அலுமாரியில் அதன் இடத்தை உம்மா வேறு எதையும் வைத்து நிரப்பவில்லை.

நேற்று நான் குளித்துக்கொண்டிருக்கும்போது நுஹாவுக்கு இருமல். ஓடி வந்து பார்த்தால், உம்மா பிஸ்மி சொல்லி ஆளியைப் போட்டு, பிள்ளையை மடியில் வைத்திருக்கிறா. சரியாகத்தான் செய்திருக்கிறா. என்னைக் கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா. "உன்ட உம்மாட்டச் சொல்லு, மருந்து முடியப் போகுது எண்டு," என்றா நுஹாவிடம்.

09.02 – ஞாயிறு

அஸர் தொழுகைக்குப் பிறகு போனில் ஒரு வொய்ஸ் மெசேஜ். ஸில்மியா. மெதுவாக, வாயைக் கிட்ட வைத்துப் பேசுகிறாள். பின்னால் தையல் மெசின் ஓடுகிறது, வேண்டுமென்றே ஓட விட்டிருக்கிறாள் போல.

"ராத்தா, அந்த மெசின் எங்க எடுக்கலாம்? ஸாஜிதுக்கும் ரெண்டு வருசமா இரிக்கி. நாங்க இங்க கொண்டு போறல்ல, தெரிஞ்ச ஆக்கள் காண்பாங்க எண்டு அக்கரைப்பற்றுக்குக் கொண்டுபோய்த்தான் மருந்து புடிக்கிற. அங்க நாலு பேர் புடிச்சாலும் அவன் இருக்கமாட்டான். அண்டைக்கி உங்கட மகளோட அவன் இருந்த மாதிரி நான் ஒருநாளும் கண்டதில்ல. உம்மாக்குச் சொல்லிராதீங்க ராத்தா. உம்மா எங்கயும் சளி எண்டுதான் சொல்ற."

சளி.

போனை எறிந்திருப்பேன். அக்கரைப்பற்றுக்கு! எத்தனை மைல்! உதடு நீலமாகிற பிள்ளையை வைத்துக்கொண்டு, கண்ட ஆட்களுக்குப் பயந்து, வீதியோர ஆஸ்பத்திரிகளையெல்லாம் தாண்டிக்கொண்டு. என் பிள்ளையைக் காரணம் காட்டி என் தங்கச்சியை நோன்புக்குப் பிறகு என்று தள்ளி வைத்த அதே வீடு. குடும்பத்தில் யாருக்கும் உண்டா என்று என்னிடம் கேட்ட அதே மாமி!

மூன்று பதில் எழுதினேன். மூன்றையும் அழித்தேன். ஒன்றில் கெட்ட வார்த்தையும் இருந்தது.

றுஸ்னாவுக்குப் போட்டுக் காட்டினேன். வொய்ஸின் கடைசியில் இன்னொரு வசனமும் இருந்தது: தம்பிக்கு இன்னும் விருப்பம்தான். அவள் அதை இரண்டாம் தரம் கேட்டாள். பிறகு போனை என்னிடம் தந்துவிட்டு, கடிபட்ட தழும்பைச் சொறிந்துகொண்டு சொன்னாள்: "விருப்பம் எண்டா வந்து கேக்கச் சொல்லுங்க. தையல் மெசினுக்குப் பின்னால நிண்டு கதைக்க வேணாம்."

ஸாஜித் தன் கையைத் திமிங்கலத்தின் முதுகில் வைத்திருந்தது நினைவில் வருகிறது. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அவன் நுஹாவோடு சேர்ந்து மூச்சு விட்டிருக்கிறான். நான்தான் கவனிக்கவில்லை.

ஸில்மியாவுக்கு நாலாவதாக எழுதி அனுப்பியது இது: எடுத்துத் தாறன். ஆனா ஒரு நிபந்தனை. அத அலுமாரிக்குள்ள வைக்கப்படா. மேசையில வைக்கணும், குழாயோட. வாற ஆக்கள் கேட்டா என்ன எண்டு சொல்லணும். ஏலாது எண்டா இப்பவே சொல்லுங்க.

வாசித்ததற்கான இரண்டு நீலச் சரி அடையாளமும் விழுந்தது. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு சொல்: ஓம்.

10.02 – திங்கள்

இன்று காலை இவருக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

மச்சான், ஸலாம். நுஹா சுகம். இரவு இருமல் இல்லை. மார்ச்சில் வாறவர்ட கையில இன்னொண்டு வாங்கி அனுப்புறன் எண்டு சொன்னீங்கதானே. எங்கட மெசின் எங்களுக்குக் கிடைச்சிட்டு எண்டு அத நிப்பாட்டிராதீங்க. கட்டாயம் வாங்குங்க. மருதமுனைக்கு, ஸில்மியாட மகனுக்கு. ஏன் எண்டு கேக்காதீங்க, பொறகு சொல்றன், சொல்லக்குள்ள நானும் கத்துவன். நீலம் இல்லாட்டி வேற நிறமும் பரவாயில்ல, ஆனா கண்ணப் பாத்து வாங்குங்க. அர மூடின கண், கீழ பாக்கிற கண். முழிச்சிப் பாக்கிற கண் வேணாம். மார்ச்சுக்கு முன்னம் ஆரும் வாறாங்களா எண்டும் கேளுங்க, இங்க இன்னும் மழ விடல்ல. இண்டைக்கே கேட்டுட்டுக் கெதியாப் பதில் போடுங்க.